கரி லாரியில் போன மல்கோவா

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்தவர்களில் நான் மூன்றாவது ஆள். முதல் இரண்டு பேரும் கடையை மூடிவிட்டார்கள் என்பதால் இப்போது முதல் ஆள் நான்தான். படிப்பு மூன்றாம் வகுப்பு, அதிலும் பாதி. அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு இருபத்தாறு தச்சர்களுக்கும் கொல்லர்களுக்கும் வேலை கொடுத்தேன். தண்ணீரே கிடையாது என்று மூன்று பேர் உள்ளங்கையில் தேங்காய் வைத்துப் பார்த்துச் சொன்ன மேட்டுக்காட்டில் கிணறு வெட்டித் தென்னை வைத்தேன். ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஓடு போட்ட இரண்டு அறை என்னுடையது. என்னைப் பாதியில் விரட்டிய பள்ளிக்கூடம் அது என்பதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. திறப்பு விழாவில் ஒரே ஒரு தரம்தான் சொன்னேன். சொந்த லாரி ஏழு. ஒன்றுகூட ஆற்றில் இறங்கியதில்லை. ஒன்று இறங்கியது, அது டிரைவர் தப்பு.

போன மாதம் என் பேரன் காரில் பெங்களூருக்குப் போய்விட்டு அன்றைக்கே திரும்பி வந்தான். வந்ததும் முதல் பேச்சு, "ரோடு ரொம்ப மோசமுங்க அப்புச்சி." அந்த ரோட்டில் நான் முதன்முதல் பாரம் ஏற்றிப் போனபோது நாலு நாள் ஆயிற்று. அதில் ஒரு மலையைப் பின்பக்கமாக ஏறினேன். இப்போது இருக்கிற டிரைவர்களுக்குச் சொன்னால் மரியாதைக்காகத் தலையாட்டுகிறார்கள். அதனால் எழுதிவைக்கிறேன்.

வெள்ளைக்காரன் ஜெர்மன்காரனோடும் ஜப்பான்காரனோடும் சண்டை போட்ட காலம். பெட்ரோலெல்லாம் சண்டைக்குப் போய்விட்டது. லாரிக்குக் கரி போட்டார்கள். கேபினுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்பு உலை இருக்கும். அதில் அடுப்புக்கரியைக் கொட்டிப் பற்றவைத்து, கையால் விசிறியைச் சுற்றினால் அரைமணி நேரத்தில் புகை போல ஒரு வாயு வரும். அந்த வாயுவில் எஞ்சின் ஓடும். ஓடும் என்று சொல்வது மரியாதைக்கு. சமதரையில் நடக்கும், மேட்டில் யோசிக்கும். கிளப்புவதற்கு மட்டும் ஒரு பாட்டில் பெட்ரோல் கொடுப்பார்கள். அதை முதலாளி தன் கையாலேயே ஊற்றுவார், குழந்தைக்கு மருந்து ஊற்றுவது போல.

எங்கள் கம்பெனியில் லாரி இரண்டு, டிரைவர் இரண்டு. நல்ல டிரைவர் நான். என் கிளீனர் செங்கோடன் மாமா. என் மனைவிக்குத் தாய்மாமன், என்னைவிட இருபது வயது மூத்தவர். லாரிக்குள் நான் சொல்வதை அவர் கேட்க வேண்டும். வீட்டுக்குள் அவர் சொல்வதை நான் கேட்க வேண்டும். இதனால் லாரிக்குள்ளும் பெரும்பாலும் அவர் சொன்னதே நடந்தது.

பாரம் மாம்பழம். சரக்குக்குச் சொந்தக்காரர் சேலம் ஆரோக்கியசாமி, ஏற்காடு மலையடிவாரத்தில் தோப்பைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர். ஒல்லியான மனிதர், பொய் பேசத் தெரியாதவர், ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர். முந்தின வருஷம் ஆலங்கட்டி மழையில் காய் முழுவதும் கொட்டிவிட்டது. இந்த வருஷம் மரம் தாங்காமல் காய்ப்பு. ஆனால் ரயில் வேகன் எல்லாம் பட்டாளத்துக்குப் போகிறது, மாம்பழத்துக்குக் கிடையாது என்று ஸ்டேஷனில் கைவிரித்துவிட்டார்கள்.

"இந்த அறுப்பும் போச்சுன்னா தோப்பை விட்டுர வேண்டியதுதான் தம்பி" என்றார் என்னிடம். "மச்சான் ஜவுளிக்கடையில கஜக்கோல் பிடிச்சு நிக்கணும். அவன் பத்து வருஷமா அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கான்."

"நானிருக்கறனுங்க அண்ணா. அழுகாம கொண்டுபோய்ச் சேத்தறது எம் பொறுப்புங்க" என்றேன். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. இந்த மாதிரி வாக்கு வாரத்துக்கு ஒன்று கொடுப்பேன்.

முதல் நாள் காலை, நாமக்கல்லில் லாரிக்குப் பூஜை போட்டோம். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம், சூடம், தேங்காய், மஞ்சள் தண்ணீர். பூஜை மாமாவின் இலாகா. எஞ்சினுக்குத் தெளித்தார், சக்கரத்துக்குத் தெளித்தார், எனக்கும் தெளித்தார். அப்போது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "மாமா, கரி மூட்டையை உட்டுப்போட்டீங்க. லாரிக்கு அதுதானுங்களே சோறு" என்றேன்.

இதைச் சொன்னது நான்தான், மறைக்க மாட்டேன். ஆனால் தெளிக்கத்தான் சொன்னேன். மாமா எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை. வேப்பிலையால் தெளித்துப் பார்த்தார், மனசு நிறையவில்லை. குடத்தைத் தூக்கி எட்டு மூட்டைக்கும் அபிஷேகம் செய்தார். முதலாளிகூடக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். தண்ணீருக்கும் நெருப்புக்கும் ஆகாது என்பது அங்கே நின்ற பத்துப் பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பக்தியில் நிற்கும்போது அதெல்லாம் தோன்றாது.

உலைக்குள் ஏற்கெனவே காய்ந்த கரி இருந்தது. அது ஓமலூர் வரை போதும். அதனால் அன்று முழுக்க ஒரு குறையும் தெரியவில்லை. மத்தியானம் தோப்பில் பாரம் ஏற்றினோம். மூங்கில் கூடையில் வைக்கோல் பரப்பி, மல்கோவாவைக் காம்பு கீழே இருக்கும்படி அடுக்கியிருந்தார்கள். ஆரோக்கியசாமி ஒவ்வொரு கூடையையும் தொட்டுவிட்டுத்தான் ஏற்ற விட்டார். கேபினில் நான் மாட்டியிருந்த எலுமிச்சம்பழ மாலைக்குப் பக்கத்தில் தன்னுடைய ஜெபமாலையையும் தொங்கவிட்டார். "ரெண்டு பேரும் பாத்துக்குவாங்க" என்றார். ஓமலூரில் கம்மஞ்சோறும் கொள்ளுக் கடைசலும் சாப்பிட்டுவிட்டுப் படுத்தோம். அதற்கப்புறம் திரும்பி வருகிற வரைக்கும் எங்கள் ஊர்ச் சோறு கிடைக்கவில்லை.

இரண்டாம் நாள் தொப்பூர்க் கணவாய். அடிவாரத்தில் புது மூட்டையைப் பிரித்து உலையில் கொட்டினோம். மாமா விசிறியைச் சுற்றினார். சுற்றினார், சுற்றினார். வாயு வரவில்லை, நீராவி வந்தது. இட்லி அவிக்கிற வாசம் மாதிரி ஈர வாசம். கையை மூட்டைக்குள் விட்டேன். கரி மஞ்சளாக, குளிர்ச்சியாக இருந்தது.

"மாமா, எத்தனை மூட்டைக்கு ஊத்துனீங்க?"

"எல்லாத்துக்குந்தான் மாப்ளே. ஒண்ணுக்கு ஊத்தி ஒண்ணுக்கு ஊத்தாம உட்டா சாமி குத்தமாயிராது?"

ஆரோக்கியசாமி பின்னால் போய்க் கூடையை முகர்ந்துவிட்டு வந்தார். உலைச் சூட்டுக்குப் பக்கத்தில் இருந்த முதல் வரிசைக் கூடைகள் ஒரே நாளில் கனிந்துவிட்டன. நாலு நாளில் கனிய வேண்டிய பழம் அது. "தம்பி, பழம் நமக்காகக் காத்துக்கிட்டு இருக்காதுப்பா" என்றார்.

எட்டு மூட்டைக் கரியையும் ரோட்டோரப் பாறையில் பரப்பி வெயிலில் காயவைத்தோம். வற்றல் காயப்போட்ட மாதிரி மலையடிவாரம் முழுக்கக் கரி. காய்கிற வரை அந்தக் கனிந்த பழத்தைச் சாப்பிட்டோம். காலைக்கு மல்கோவா, பசித்தபோது மல்கோவா, பொழுது போகவில்லை என்றும் மல்கோவா. ராஜாக்கள் சாப்பிடுகிற பழம் என்பார்கள். ஐந்தாவது பழத்தில் ராஜாவுக்கும் மிளகாய் கேட்கும்.

புளி ஏற்றிக்கொண்டு மாட்டுவண்டிக்காரர் ஒருவர் மலையிலிருந்து இறங்கினார். வண்டியை நிறுத்தி, கரியைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார், எங்கள் வாயில் வழிந்த மாம்பழத்தைப் பார்த்தார்.

"என்னாங்க, விருந்தா?"

"கரி காயுதுங்க" என்றார் மாமா.

"எங்க மாடு ஈரப்புல்லையும் திங்கும், காஞ்ச புல்லையும் திங்கும். மலை மேல வரைக்கும் வேணும்னா கட்டி இழுக்கட்டுமா? லாரியக் கொஞ்சம் இளைக்கச் சொல்லுங்க."

மாமா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அந்த ஆளுக்கு இரண்டு பழம் கொடுத்து அனுப்பினார் ஆரோக்கியசாமி. கேலி செய்தவனுக்குப் பழம் கொடுப்பது அவர்களுடைய மதத்தில் இருக்கிறதாம்.

மத்தியானத்துக்கு மேல் கரி பாதி காய்ந்தது. பாதி காய்ந்த கரிக்குப் பாதி இழுவை. முதல் கியரில் போட்டு ஏறினேன். கால் மைல் போனது. எஞ்சின் இருமியது, நின்றது. மாமா ஓடிவந்து சக்கரத்துக்குக் கட்டை போட்டார். திரும்ப அடிவாரம். இன்னொரு தரம் ஏறினேன். அதே இடம், அதே இருமல்.

இந்த இடத்தில் மற்ற டிரைவர்களாக இருந்தால் முதலாளிக்குத் தந்தி கொடுத்திருப்பார்கள். டிரைவராகும் முன் ஆறு வருஷம் பட்டறையில் மண்ணெண்ணெயில் கியர் கழுவியவன் நான். கியரின் பல்லை விரலால் எண்ணிப் பார்ப்பது அப்போது எனக்கு விளையாட்டு. எங்கள் லாரியில் முதல் கியரைவிட ரிவர்ஸ் கியர்தான் மெதுவாகச் சுற்றும். மெதுவாகச் சுற்றினால் இழுவை அதிகம். முன்பக்கமாக ஏற முடியாத மலையை அந்த லாரி பின்பக்கமாக ஏறும்.

"மாமா, வண்டியைத் திருப்பலாமுங்க."

"ஊருக்கா? அதான் சரி மாப்ளே. பழத்த ஓமலூர்ச் சந்தையில போட்டுறலாம்."

"ஊருக்கில்லீங்க. மலைக்கு. ரிவர்ஸ்ல."

மாமா என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். அவ்வளவு மாம்பழம் சாப்பிட்டால் உடம்புக்குச் சூடு என்று அவருக்கு நம்பிக்கை.

ஆரோக்கியசாமி மட்டும் கேட்டார், "ஏறுமா?"

"ஏறுமுங்க."

"அப்ப ஏறு தம்பி. இனிமே கீழ எனக்கு என்ன இருக்கு?"

பின்னால் கூடை அடுக்கியிருந்ததால் எனக்குப் போகிற வழி தெரியாது. கதவைத் திறந்து பாதி உடம்பை வெளியே நீட்டினால் ஒரு பக்கம் மட்டும் தெரியும். அதனால் ஆரோக்கியசாமியை லாரியின் வால்பலகையில் நிற்கவைத்தோம், எனக்குக் கண்ணாக. வலது, இடது என்று சொன்னால் அவருடைய வலதா என்னுடைய வலதா என்று குழப்பம் வரும் என்று முதலிலேயே எனக்குத் தெரிந்தது. "வண்டி எந்தப் பக்கம் ஒதுங்கணுமோ அதை மட்டும் சொல்லுங்க. மலைப் பக்கம்னா மலை, பள்ளப் பக்கம்னா பள்ளம்" என்றேன். மாமா கட்டையும் கையுமாகச் சக்கரத்தோடு நடந்து வந்தார்.

ஏறினோம். நடையைவிட மெதுவாக. உலை நேராக என் முதுகுக்குப் பின்னால்; காற்று புகையை என் முகத்துக்கே கொண்டுவந்தது. கண் எரிந்து தண்ணீர் கொட்டியது. பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது: "மலை... மலை... இன்னும் மலை... போதும்! நேரா... பள்ளம் கொஞ்சம்... ஐயோ மாதாவே, மலை, மலை, மலை!" வளைவில் பின் சக்கரம் பள்ளத்து ஓரக் கல்லை உருட்டிவிட்டது. அந்தக் கல் கீழே போய் விழுகிற சத்தம் வருவதற்கு நேரமாயிற்று. மாமா கட்டையைப் போட்டார். அப்புறம் ஆரோக்கியசாமி, "நேரா போ தம்பி. ஒண்ணுமில்ல" என்றார். அவர் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தரம்தான்.

மேலிருந்து இறங்கி வந்த வண்டிக்காரர்கள் எல்லாரும் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். ஒருவர் கத்தினார்: "அண்ணே, போறீங்களா வர்றீங்களா? ஒண்ணச் சொல்லுங்க, வழி விடறோம்!" வெயில் தாழ்வதற்குள் உச்சியில் இருந்தோம். ஒரு கூடை சாயவில்லை. இறங்கி நின்று மலையைப் பார்த்தேன். அந்த மலையை அப்படி ஏறியவன் எனக்கு முன்னால் இருந்ததாக இன்றைக்கு வரை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் கரி நன்றாகக் காய்ந்துவிட்டது, ரோடும் பரவாயில்லை. கனிந்த பழத்தைக் கொடுத்துச் சோறு வாங்கினோம். கிருஷ்ணகிரிக்கு அந்தப் பக்கம் ஒரு சாப்பாட்டுக்கடையில் மூன்று ராகிக் களி உருண்டைக்கு ஆறு மல்கோவா. எங்கள் ஊர்க் களியைக் கையால் கிள்ளி, குழம்பில் புரட்டி, மெதுவாக இறக்கலாம். அவர்கள் உருண்டை பீரங்கிக் குண்டு மாதிரி. மெல்லாமல் விழுங்க வேண்டுமாம். மாமா மென்றார். கடைக்காரர் மகள் அதைப் பார்த்துவிட்டு, இலையில் தண்ணீர் தெளிக்காமலே உள்ளே ஓடிப் போய்ச் சிரித்தாள்.

மைசூர் சமஸ்தானத்து எல்லையில் ஒரு சாவடி. கம்பு போட்டு மறித்திருந்தார்கள். சிவப்புத் தலைப்பாகைப் போலீஸ்காரர் லாரியைச் சுற்றி வந்தார். கோலார் பக்கம் நாலு மாதம் இருந்ததால் தனக்குக் கன்னடம் தண்ணீர் பட்ட பாடு என்று மாமா நாமக்கல்லிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தார். போலீஸ்காரர் கன்னடத்தில் கேட்டது இது, மாமா தமிழில் சொல்லி எனக்குப் புரிந்தபடி: "உள்ளே எரிகிறதே, அது என்ன? சமையல் பண்ணிக்கொண்டே வருகிறீர்களா?" அதற்கு மாமா நீளமாக ஏதோ பதில் சொன்னார். போலீஸ்காரர் முழுவதும் கேட்டுவிட்டு, சுத்தமான தமிழில், "பழம் நல்லாருக்குமா?" என்றார். நாலு பழம் பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டார். கம்பு உயர்ந்தது. எல்லை தாண்டியதும் காற்றே மாறியது. சித்திரை வெயிலில் வெந்து வந்தவனுக்கு அங்கே துண்டைப் போர்த்திக்கொள்ள வேண்டியிருந்தது. சாம்பாரில் வெல்லம் போட்டிருந்தார்கள். பாயசம் தனியாகக் கேட்க வேண்டியதில்லை.

நாலாம் நாள் காலை பெங்களூர் மார்க்கெட். வைக்கோலும் ஓலையுமாக இருக்கிற சந்தைக்குள் நெருப்பு உலையோடு வரக்கூடாது என்று முனையிலேயே நிறுத்திவிட்டார்கள். லாரியை அங்கே விட்டு, கூடைகளைக் கைவண்டியில் ஏற்றித் தள்ளிக்கொண்டு போனோம். மலை ஏறிய கதையை மண்டிக்காரரிடம் எப்படிச் சொல்வது என்று நான் மனதில் ஒத்திகை பார்த்துக்கொண்டே தள்ளினேன். எங்கே ஆரம்பிப்பது, கல் உருண்ட இடத்தில் எவ்வளவு நேரம் நிறுத்துவது என்பது வரை தயாராக இருந்தேன்.

மண்டிக்காரர் தடித்த மனிதர், காதில் கடுக்கன். அவர் பேசியது பாதி கன்னடம், பாதி தமிழ், அர்த்தத்தைத் தருகிறேன். "சேலத்துப் பழமா? எதில் வந்தது? லாரியில் என்றால் அப்படியே திருப்பிக்கொண்டு போங்கள். போன வாரம் ஒருவன் லாரியில் கொண்டுவந்தான். மேலே பார்த்தால் பழம், உள்ளே கூழ். லாரிப் பழத்தை என் கடையில் இறக்குவதில்லை."

"பிரிச்சுப் பாருங்களேன்" என்றார் ஆரோக்கியசாமி. மண்டிக்காரர் கூடைகளைப் பிரித்தார். அழுத்திப் பார்த்தார். அழுந்தவில்லை. ஒன்றை அறுத்தார். உள்ளே பொன் மாதிரி இருந்தது. மூக்கருகே கொண்டுபோனார், முகம் சுருங்கியது. "புகை வாசம் அடிக்கிறதே. எதில் வந்தது, சொல்லுங்கள்."

ஆரோக்கியசாமி வாயைத் திறந்தார். அவருக்குப் பொய் வராது; உண்மையைச் சொன்னால் தோப்பு போய்விடும். அந்த மனிதர் என் முகத்தைப் பார்த்தார். வால்பலகையில் நின்று பள்ளத்தைப் பார்த்தபோதுகூட அவர் கண் அப்படி இல்லை.

நான் ஒத்திகை பார்த்த கதை நாக்கு நுனியில் இருந்தது. அதை விழுங்கினேன். மென்று விழுங்க நேரமில்லை.

"ரயிலுங்க" என்றேன். "ரயில் எஞ்சின் புகைதானுங்க அது."

"ரயிலா? பழத்துக்கு வேகன் கொடுப்பதில்லை என்கிறார்களே?"

அப்போது செங்கோடன் மாமா என்னைக் கை காட்டித் தன் கன்னடத்தில் சொன்னார். அவர் பேசிய கன்னடத்திலேயே ஒருவருக்குப் புரிந்தது அது ஒன்றுதான்: "இவர் நம்ம ஆள். ரயில்வேயில் இருக்கிறார். எஞ்சினில் கரி அள்ளிப் போடுகிற வேலை."

மண்டிக்காரர் என்னை உச்சியிலிருந்து கால் வரை பார்த்தார். நாலு நாள் கரி என் மேல் இருந்தது. வெள்ளையாக இருந்தது கண் மட்டும்தான். "பார்த்தாலே தெரிகிறது" என்றார்.

எல்லாக் கூடையும் இறங்கியது. மண்டிக்காரரின் ஆள் பெஞ்சின் மேல் ஏறி நின்று கூவினான்: "சேலம் மல்கோவா! ரயிலில் வந்தது! ஒரு குலுக்கல் இல்லை, ஒரு அடி இல்லை!" சுற்றி நின்றவர்கள் பழத்தைத் தூக்கிப் பார்த்து, ரயில் என்றால் ரயில்தான் என்று தலையாட்டினார்கள். பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் எனக்கு உபதேசமே செய்தார்: "சர்க்கார் வேலை, விட்டுவிடாதே. கரி அள்ளுவது கேவலம் இல்லை. நன்றாக உழைத்தால் ஒருநாள் எஞ்சின் ஓட்டவும் விடுவார்கள்."

வெளியே வந்ததும் ஆரோக்கியசாமி என் கரிக் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மார்க்கெட்டுக்கென்று மாற்றியிருந்த வெள்ளைச் சட்டையெல்லாம் கரி. அவர் கவனிக்கவில்லை.

தோப்பு அவரிடமே நின்றது. மச்சான் கடையில் கஜக்கோல் வேறு யாரோ பிடித்தார்கள். மறு வருஷமும் அதற்கு மறு வருஷமும் அவர் பழத்தை நான்தான் கொண்டுபோனேன். மார்க்கெட் முனையில் லாரியை மறைத்துவிட்டுக் கைவண்டியில் தள்ளினேன். அந்தப் பொய்க்கு உடன்பட்டதைக் கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனமாகச் சொல்லிவிட்டதாக ஆரோக்கியசாமி என்னிடம் ஒருமுறை சொன்னார். எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஒருவருக்காவது உண்மை தெரிந்ததே. ஆனால் அதைச் சாமியார் வெளியே சொல்லக் கூடாதாம். அவர்கள் வேதத்தில் அப்படி ஒரு சட்டம்.

இப்போது சேலம் அஸ்தம்பட்டியில் ஆரோக்கியசாமியின் பேரன் மாம்பழத்தை அட்டைப்பெட்டியில் போட்டு வெளியூருக்கு அனுப்புகிறான். பெட்டி மேல் புகை விடுகிற ரயில் எஞ்சின் படம். கீழே, "சண்டைக் காலத்திலேயே ரயிலில் பெங்களூர் சென்ற மல்கோவா" என்று எழுத்து. நேரில் போய்ச் சொன்னேன். "பெங்களூர் மண்டியில இன்னும் அப்படித்தாங்க சொல்றாங்க" என்றான். தப்பு அவனுடையது இல்லை. ரயில் என்று முதலில் சொன்ன வாய் என்னுடையது. அதனால் திருத்துகிற உரிமையும் என்னுடையது.

நான் கேட்பது இது. அந்த எஞ்சினை எடுத்துவிட்டு லாரி படம் போட வேண்டும். கரி உலை தெரிய வேண்டும். செங்கோடன் மாமாவையும் ஒரு ஓரத்தில் போடலாம், ஆட்சேபணை இல்லை. டிரைவர் இருக்கையில் இருக்கும் ஆளின் முகம் கருப்பாக இருந்தாலும் பரவாயில்லை. பெயர் மட்டும் தெளிவாக, படிக்கிற அளவில் இருக்க வேண்டும்: லாரியில் வந்தது, ஓட்டியவர் நாமக்கல் நாச்சிமுத்து.